வேர்க்குருவும் 100 என்ற எண்ணும்: தோல் நோய்த் தேடல்களின் பருவத்தை எப்படிப் படிப்பது?

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையின் முன் அலமாரி ஆண்டுக்கு மூன்று முறை மாறும். பங்குனி பாதியிலேயே வேர்க்குருப் பவுடர் டப்பாக்கள் கண்ணாடியை ஒட்டி வந்து நிற்கும். ஆவணி, புரட்டாசி மழையில் அவை பின்வரிசைக்குப் போய், படர்தாமரைக் களிம்புகள் முன்னே வரும். மார்கழி பிறந்தால் அந்த இடத்தை வாசலினும் பித்தவெடிப்புக் களிம்பும் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் எந்த வரைபடத்தையும் பார்த்து இதைச் செய்வதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீள நோட்டில் அன்றாடம் தீர்ந்துபோன சரக்கை எழுதி வைக்கிறார். பழைய நோட்டுகளைப் புரட்டினால் அடுத்த மாதம் எதைக் கேட்டு ஆள் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சென்ற கோடையில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. ‘வேர்க்குரு’ என்ற சொல்லை இணையத்தில் தேடியவர்களைப் பற்றிய கோட்டுப்படம் அது. ஏப்ரல் மாதத்தில் கோடு உச்சிக்குப் போய் 100 என்ற எண்ணைத் தொட்டிருந்தது. அதன் கீழே யாரோ, “தமிழ்நாட்டில் தோல் நோய் நூறு சதவீதத்தை எட்டியது, எச்சரிக்கை” என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரர் அதை என்னிடம் காட்டி, “சார், நூறு பேர்ல நூறு பேருக்கும் வந்துடுச்சுன்னா சொல்றாங்க?” என்று கேட்டார். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. படித்தவர்கள் பலரும் இப்படித்தான் படிக்கிறார்கள். செய்திகளிலும் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஆகவே அந்த 100 எங்கிருந்து வருகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அடியிலிருந்து விளக்க முயல்கிறேன்.

## தேடல் என்பது ஒரு கேள்வி

மருந்துக் கடைக்கு வருபவர்களில் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஒருவர் தன் குழந்தைக்காக வருகிறார், ஒருவர் வெயில் வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, “அது இருக்கா?” என்று விலை கேட்டுப் போகிறார். அதேபோல, நோய் உள்ள எல்லோரும் கடைக்கு வருவதும் இல்லை. வேப்பிலை அரைத்துப் பூசிக்கொள்பவர், நுங்குச் சாற்றைத் தடவிக்கொள்பவர், சொறிந்துகொண்டே நாளைக் கடத்துபவர் யாருடைய பெயரும் அந்த நோட்டில் ஏறாது.

இணையத் தேடலும் இதே போன்ற கேட்புதான். ஒருவர் கைபேசியில் ‘படர்தாமரை குணமாக’ என்று எழுதும்போது, அந்த நேரத்தில் அவருக்கு அந்தக் கேள்வி இருந்தது என்பது மட்டுமே பதிவாகிறது. அவருக்குப் படர்தாமரை இருக்கிறதா, அவருடைய தாயாருக்கா, அல்லது அவர் நாளைக்குத் தேர்வு எழுதப்போகும் செவிலியர் மாணவியா என்பது அந்தப் பதிவில் இல்லை.

## 100 எப்படிப் பிறக்கிறது

இத்தகைய கோட்டுப்படங்களில் பெரும்பாலானவை கூகுள் டிரெண்ட்ஸ் என்ற இலவசச் சேவையிலிருந்து வருபவை. 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தச் சேவையில் 2004 ஜனவரி முதலான தேடல்களைப் பார்க்கலாம். அது தேடல்களின் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அது தருவது ஒப்பீட்டு எண். அதாவது, ஓர் அளவைத் தனியாகச் சொல்லாமல், அதே வரிசையில் உள்ள மிகப் பெரிய அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்.

கணக்கைக் கடைக்குள் வைத்தே பார்க்கலாம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. ஏப்ரலில் கடைக்கு 1,000 பேர் வந்தார்கள்; அவர்களில் 40 பேர் வேர்க்குருப் பவுடர் கேட்டார்கள். பங்கு 4 சதவீதம். அக்டோபரில் காய்ச்சலும் சளியுமாகக் கூட்டம் பெருகி 2,000 பேர் வந்தார்கள். அப்போதும் பவுடர் கேட்டவர்கள் 40 பேர். பங்கு 2 சதவீதம். இப்போது மிகப் பெரிய பங்கான 4 சதவீதத்துக்கு 100 என்று பெயர் வைத்தால், 2 சதவீதத்துக்கு 50 என்று வரும். இரண்டு மாதங்களிலும் அதே 40 பேர்தான் கேட்டார்கள். ஆனால் படத்தில் கோடு பாதிக்குச் சரிந்துவிடும்.

கூகுள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. மொத்தத் தேடல்களிலிருந்து ஒரு பகுதியை மாதிரியாக எடுக்கிறது. ஒரே ஆள் சிறிது நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தேடுவதை நீக்குகிறது. நாம் கேட்ட சொல்லுக்கான தேடல்களை அந்த இடத்தில் அந்தக் காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களால் வகுக்கிறது. பிறகு, நாம் தேர்ந்தெடுத்த காலத்துக்குள் வரும் மிக உயர்ந்த பங்குக்கு 100 என்று பெயர் சூட்டி, மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்குகிறது. இதனால் ஒரு விளைவு உண்டு. நேற்று 100 ஆக நின்ற அதே ஏப்ரல், கால எல்லையை இன்னும் ஐந்து ஆண்டு நீட்டினால் 70 ஆக மாறக்கூடும், ஏனெனில் அதைவிட உயரமான வேறோர் ஏப்ரல் உள்ளே வந்திருக்கும். மாதிரி எடுத்துக் கணக்கிடுவதால், அதிகம் தேடப்படாத சொற்களுக்கு இன்று எடுத்த படமும் அடுத்த வாரம் எடுத்த படமும் சற்றே மாறியிருப்பதும் உண்டு.

சுருக்கமாக: 100 என்பது அந்தப் படத்துக்குள் இருக்கும் மிக உயர்ந்த இடம். அது ஆட்களின் எண்ணிக்கையும் அன்று, நோயின் சதவீதமும் அன்று. எந்தச் சொல்லைத் தேடினாலும், போதிய தேடல்கள் இருந்தால், ஏதாவது ஒரு மாதம் 100 ஆகத்தான் இருக்கும். கடைக்காரருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

## தோலுக்கே பருவம் உண்டு

அப்படியானால் அந்தக் கோடு வெறும் மாயையா என்றால், இல்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே மாதங்களில் ஏறி அதே மாதங்களில் இறங்கும் ஒழுங்குக்குப் பருவச் சுழற்சி என்று பெயர். தோலின் தொல்லைகள் பலவற்றுக்கு அந்தச் சுழற்சி உண்மையாகவே உண்டு, காரணங்களும் தெரிந்தவையே.

வெயில் ஏறும்போது உடல் குளிர்வதற்காக வியர்க்கிறது. வியர்வை வெளிவரும் நுண்குழாயின் வாய் அடைபட்டால், வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து, சிறு சிறு குருக்களாக எழும்பிச் சுருக்குச் சுருக்கென்று குத்தும். அதுவே வேர்க்குரு. தறிக் கொட்டகையில் காற்றோட்டம் குறைவான மூலையில் உட்கார்ந்து நெய்பவரின் முதுகிலும், குழந்தையின் கழுத்து மடிப்பிலும் அது முதலில் வருவதற்கு இந்த அடைப்பே காரணம்.

மழைக் காலத்தில் கதை வேறு. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. அதற்குச் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும். துவைத்த உள்ளாடை முழுதும் காயாமல் உடுத்தப்படும் நாட்களும், ஈரச் செருப்போடு கால்விரல் இடுக்குகள் ஊறும் நாட்களும் அதற்குச் சாதகம்; சேற்றுப்புண்ணும் அதே நாட்களில்தான் வருகிறது. மார்கழியிலோ காற்றில் ஈரம் குறைந்து, தோலின் மேலடுக்கு நீரை இழக்கிறது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கும்போது இருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விட, கை கால்கள் வெள்ளை பூத்து, குதிகால் வெடிக்கிறது. சொரியாசிஸ் உள்ளவர்களில் பலருக்குக் குளிர்காலத்தில் செதில் கூடுவதும் இதை ஒட்டியதே.

அம்மையும் அக்கியும் இதைவிட நுட்பமானவை. சின்னம்மை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதால் அதற்கென்று பருவம் உண்டு. நம் பக்கம் பனி விலகி வெயில் தொடங்கும் மாதங்களில் வாசல்களில் வேப்பிலைக் கொத்து தொங்குவதைப் பார்க்கிறோம். மருத்துவர்கள் அக்கி என்று சொல்லும் நோயை உண்டாக்குவதும் அதே வைரஸ்தான். ஆனால் அது புதிதாகத் தொற்றி வருவதன்று, முன்பு அம்மை கண்டவரின் நரம்புக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த கிருமி மீண்டும் விழிப்பது. ஆகவே சின்னம்மைக்கு இருக்கும் அளவுக்குப் பருவ ஒழுங்கு அதற்கு இல்லை. ஒரே கிருமிக்கு இரண்டு நாட்காட்டிகள் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

## ஏற்ற இறக்கங்களைப் பிரிப்பது

ஒரு தேடல் கோட்டுக்குள் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. பல ஆண்டுகளாக மெல்ல ஏறுவது அல்லது இறங்குவது ஒன்று. இதை நீண்டகாலப் போக்கு என்கிறோம். இரண்டாவது, பருவச் சுழற்சி. மூன்றாவது, எந்த ஒழுங்குக்கும் அடங்காத திடீர்க் குதிப்புகள். இவற்றுக்கு இரைச்சல் என்று பெயர்.

நீண்டகாலப் போக்கு பெரும்பாலும் தோலைப் பற்றியது அன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையக் கட்டணம் சரிந்து, முன்பு இணையமே பயன்படுத்தாதவர்கள் தமிழில் தேடத் தொடங்கினார்கள். தேடுபவர்களின் கூட்டமே மாறும்போது தேடப்படும் பொருள்களின் பங்கும் மாறும். கூகுள் தன் கணக்கிடும் முறையையும் அவ்வப்போது திருத்தியிருக்கிறது. 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் அத்தகைய மாற்றங்கள் நடந்ததை அந்தப் படத்திலேயே சிறு குறிப்பாகக் காணலாம். அந்த இடங்களில் கோடு படியேறியது போல் தோன்றினால், நோய் பெருகியது என்று பதற வேண்டியதில்லை.

பருவத்தைத் தனியே எடுக்க ஒரு தாளும் பேனாவும் போதும். 12 கட்டங்கள் போட்டு, ஐந்து ஆண்டுகளின் ஏப்ரல் எண்களை ஒரு கட்டத்தில், மே எண்களை அடுத்ததில் என்று நிரப்ப வேண்டும். ஏப்ரல் கட்டத்தில் 88, 100, 61, 92, 95 என்று விழுந்ததாகக் கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 87.2 வரும். ஆனால் அந்த 61, ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த ஆண்டாக இருக்கலாம். ஒற்றை விசித்திர ஆண்டு சராசரியை இழுத்துவிடாமல் இருக்க, எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது நல்லது, அது 92. இதை இடைநிலை அளவு என்பார்கள். பன்னிரண்டு கட்டங்களுக்கும் இப்படி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பருவம் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஓர் ஆண்டின் கோட்டைப் பார்த்துப் பருவம் என்று சொல்வது, ஒரே ஒரு கோடையைப் பார்த்து ஆண்டுதோறும் இப்படித்தான் என்று சொல்வதற்குச் சமம்.

பருவநிலை உண்மையிலேயே காரணமா என்று பார்க்க அழகான சோதனை ஒன்றும் உண்டு. பூமியின் தென்பாதியில் உள்ள ஆஸ்திரேலியாவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். ஒரு தோல் தொல்லைக்கான தேடல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குளிர்காலத்தை ஒட்டி ஏறி, ஆஸ்திரேலியாவில் ஆறு மாதம் தள்ளி ஏறினால், பண்டிகையோ பள்ளி விடுமுறையோ அதற்குக் காரணமாக இருப்பது கடினம். சொரியாசிஸ் தேடல்களை ஆராய்ந்தவர்கள் இத்தகைய எதிர்மாறான ஏற்றத்தைக் கண்டிருக்கிறார்கள்.

நோய்க்கும் கேள்விக்கும் இடையில் கால இடைவெளி இருப்பதையும் மறக்கக் கூடாது. முதல் முறை சிரங்குப் பூச்சி தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே பல வாரங்கள் ஆகும். ஐப்பசியில் கடும் காய்ச்சல் கண்டவருக்கு முடி கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத் தையில்தான். ஆகவே தை மாதத்தில் ‘முடி உதிர்வு’ ஏறினால், காரணத்தைத் தையில் தேடக் கூடாது.

இதுவரை பார்த்தது: எண் என்பது பங்கு, கோட்டுக்குள் போக்கு, பருவம், இரைச்சல் மூன்றும் உண்டு, பருவம் என்று சொல்லப் பல ஆண்டுகளின் அதே மாதங்கள் வேண்டும்.

## மாம்பழமும் சூட்டுக் கட்டியும்

இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் அந்த உறவுக்கு ஒட்டுறவு என்று பெயர். ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க மாம்பழத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. மல்கோவாவும் இமாம்பசந்தும் கடைவீதிக்கு வரும் அதே மாதங்களில்தான் பிள்ளைகளின் நெற்றியிலும் தொடையிலும் கட்டி எழும்புகிறது. “மாம்பழம் சூடு, அதான் கட்டி வருது” என்று என் பாட்டி பழத்தை உறியில் ஏற்றி வைப்பார். ‘மாம்பழம்’, ‘சூட்டுக் கட்டி’ என்ற இரண்டு தேடல்களையும் ஒரே படத்தில் போட்டால் அவை கைகோத்து ஏறுவதாகத் தெரியலாம். ஆனால் வெயில் என்ற மூன்றாவது ஒன்று இரண்டையும் ஏற்றுகிறது: அது மரத்தில் பழத்தைப் பழுக்க வைக்கிறது, வியர்வையாலும் அழுக்காலும் சொறிந்த கீறலாலும் மயிர்க்கால்களுக்குள் பாக்டீரியா புகவும் வழி செய்கிறது.

பாட்டியை முழுதும் தள்ளிவிடவும் முடியாது. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். சிலருக்குத் தோலோடு கடித்துத் தின்றால் உதட்டைச் சுற்றித் தடிக்கும். அது வேறு வழியில் நிகழும் வேறு தொல்லை. எது எதனால் என்பதைத் தோலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், கோட்டைப் பார்த்து முடியாது.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் இடறியிருக்கின்றன. 2008-இல் கூகுள், தேடல்களைக் கொண்டே அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சலின் பரவலைக் கணிக்கும் சேவையைத் தொடங்கியது. குளிர்காலத்தில் காய்ச்சலோடு சேர்ந்து ஏறும் சொற்களை அது தேடிப் பிடித்தபோது, காய்ச்சலுக்குச் சற்றும் தொடர்பில்லாத பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி போன்ற தேடல்களும் வலையில் சிக்கின, ஏனெனில் அங்கே அந்த விளையாட்டும் குளிர்காலத்தில்தான். 2009-இல் பருவம் தப்பி வந்த பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அந்தச் சேவை கோட்டைவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் உண்மை அளவைவிட மிக அதிகமாகக் கணித்தது. 2015-இல் கணிப்புகளை வெளியிடுவது நிறுத்தப்பட்டது. பருவத்தைக் கற்றுக்கொண்ட கணக்கு, நோயைக் கற்றுக்கொண்டதாக நம்பியதுதான் பிழை.

நம் நாட்டிலும் மனிதர்களின் நாட்காட்டி தோலின் நாட்காட்டியோடு கலக்கிறது. வேர்க்குருப் பவுடர் விளம்பரங்கள் கிரிக்கெட் போட்டிகளுக்கு நடுவே ஓடுவது கோடையில். முகூர்த்த மாதங்களுக்கு முன்பு முகப்பரு பற்றிக் கேட்பவர்கள் கூடலாம். பாதி வைத்தியமும் கோட்டைக் குழப்பும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானாக வாங்கிப் படர்தாமரைக்குத் தடவினால், நான்கு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும்; பூஞ்சை அடங்காது, வட்டத்தின் வடிவம் மட்டும் கலைந்து உள்ளே பரவும். மழை முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் அவர் தேடிக்கொண்டே இருப்பார். தயவுசெய்து மருத்துவரிடம் காட்டாமல் அந்தக் களிம்புகளை வாங்க வேண்டாம் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

## ‘கரப்பான்’ என்றால் எது?

தமிழில் தேடுவோருக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ‘கரப்பான்’ என்பது குழந்தைக்கு வரும் தோல் நோய். சமையலறையில் ஓடும் பூச்சியும் அதுவே. ‘படை’ தோலிலும் இருக்கும், போர்க்களத்திலும் இருக்கும். வேர்க்குருவை வேர்குரு என்றும் வியர்க்குரு என்றும் எழுதுபவர்கள் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தேடுபவர்கள் அதைவிட அதிகம். தேடற்சொல்லாகக் கொடுத்தால் ஒவ்வொரு வடிவமும் தனித்தனிக் கோடு. எல்லா வடிவங்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்ப்பவர், ஊரின் ஒரு தெருவை மட்டும் கணக்கெடுக்கிறார்.

எங்கள் ஊரின் பெயரே ஒரு பொறி. ஆங்கிலத்தில் ‘சேலம்’ என்று எழுதி, இடத்தை இந்தியா என்று தேர்ந்தெடுக்காமல் உலகம் முழுமைக்கும் பார்த்தால், ஆண்டுதோறும் அக்டோபரில் கோடு செங்குத்தாக ஏறும். நம் ஊர் மழைக்கு அதில் பங்கில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது. 1692-இல் சூனியக்காரர்கள் என்று பழிசுமத்தி மக்களைத் தூக்கிலிட்ட ஊர். அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கு அங்கே கூட்டம் குவிகிறது.

அக்கியைப் பொறுத்தவரை, தேடாமலேயே தீர்வுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உடலில் வரிசையாகக் கொப்புளம் கண்டதும் குயவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் சுற்றுக் கிராமங்களில் இன்னும் அற்றுப் போகவில்லை. அம்மை கண்ட வீட்டில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணுகிறார்கள். இந்த வீடுகளில் நோய் இருக்கிறது, தேடல் இல்லை.

## எந்த ஊரின் பருவம்?

மாநிலம் முழுமைக்குமான கோடு பல வானிலைகளின் கலவை. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். சேலத்துக்கோ ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலேயே நல்ல மழை கிடைத்துவிடுகிறது. தேடுபவர்கள் அதிகம் உள்ள சென்னையின் பருவமே தமிழ்நாட்டின் கோட்டில் ஓங்கித் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்து எங்கள் கடைக்காரர் படர்தாமரைக் களிம்புக்கு ஆர்டர் போட்டால், சரக்கு வருவதற்குள் அம்மாபேட்டையில் பாதி மழை முடிந்திருக்கும்.

சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வானிலைகள் இருக்கின்றன. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வரும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதே ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும் என்பதைப் பலர் அறியார். மே மாதக் கோடை விழாவுக்கு வருபவர்கள், குளுகுளுவென்று இருக்கிறதே என்று ஏரியில் மணிக்கணக்காகப் படகில் இருந்துவிட்டு, முகம் கருத்து எரிகிறது என்று மாலையில் அறையில் உட்கார்ந்து தேடுவார்கள். அந்தத் தேடல் சேர்வராயன் மலைவாசிகளின் கணக்கு அன்று. கைபேசி இணைப்பைப் பொறுத்து அது ஏற்காட்டின் பெயரில் பதியாமல், வேறு நகரத்தின் பெயரில் பதிவதும் உண்டு.

ஏற்காட்டைப் போன்ற சிறிய ஊர்களுக்குத் தோல் நோய்ச் சொற்களைக் கேட்டால் பெரும்பாலும் சுழியே வரும், அல்லது போதிய தரவு இல்லை என்ற வரி வரும். தேடல் மிகக் குறைவாக இருந்தால் கூகுள் அதைச் சுழியாகவே காட்டும். மார்கழிக் குளிரில் இரவு வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் அந்த மலையில்தான் காப்பிப் பழம் பறிக்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு தோட்டத்துப் பாதையில், சாக்கை விரித்து உட்கார்ந்து குதிகால் வெடிப்புக்குள் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அழுத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். “பனி விழுந்தா வரும், மாசி வந்தா போயிரும் சார்” என்றார். பருவச் சுழற்சிக்கு அதைவிடச் சரியான வரையறையை நான் வகுப்பில் சொன்னதில்லை. அவரிடம் சாதாரணப் பொத்தான் கைபேசிதான் இருந்தது. அவருடைய மார்கழி, எந்தக் கோட்டிலும் 0 என்றுதான் பதிந்திருக்கும்.